மில்லில் எல்லாருக்கும் பதினாலு

அந்த நூல் மில்லில் வேலை பார்த்த பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே வயது. பதினாலு.

ஒரே தாய் வயிற்றில் அடுத்தடுத்துப் பிறந்த மூன்று பெண்கள் அங்கே இருந்தார்கள். மூத்தவள் நடுப்பெண்ணை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நடுப்பெண் கடைசிக்காரிக்கு இன்றைக்கும் தலை பின்னி விடுகிறவள். ஆனால் மில் ரிஜிஸ்டரைத் திறந்தால் மூன்று பேருக்கும் பதினாலு. குண்டூசி என்று ஒரு பொடியன். முன்பல் விழுந்த சந்தில் புதுப்பல் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கும் பதினாலு. குண்டூசிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வெட்டுக்கிளிக்கும் அதே பதினாலுதான். அவளைப் பெற்றவளிடம் கேட்டிருந்தால் ஒன்பது என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவள் சொல்லவும் மாட்டாள்.

வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தது மேஸ்திரி. நூற்கும் மெஷினில் பாபின்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். நூல் நிறைந்த பாபினைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, வெறும் பாபினைச் செருகி, அறுந்த நூலைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டவைத்துவிட வேண்டும். மேல்வரிசை அவளுக்கு எட்டாது. அதனால் வெறுங்காலோடு மெஷினின் விளிம்பில் ஒரு தாவு, மேலே ஒரு பிடுங்கல், ஒரு செருகல், கீழே ஒரு குதி, அடுத்த பாபினுக்கு மறுபடி தாவு. காலை ஆறு மணிக்குத் தாவ ஆரம்பித்தால் மாலை ஆறுக்குத்தான் கால் தரையில் தங்கும். அந்தப் பிரிவில் அவளைப் போல வேகமாகப் பாபின் மாற்ற ஆள் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மெஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் பிள்ளைகள் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றிருந்தார்கள். இந்தக் கோடியில் குண்டூசி வாயை மட்டும் அசைத்து மேஸ்திரியின் மீசையைப் பற்றி ஒன்று சொல்வான்; அந்தக் கோடியில் மூன்று அக்காள் தங்கைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நடுவில் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மேஸ்திரிக்கு ஒன்றும் புரியாது. மீசையைத் தடவிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்ப்பார். அது இன்னும் சிரிப்பைக் கிளப்பும்.

பதினாலு வந்த கதையை வெட்டுக்கிளிக்குச் சொன்னது அவளுடைய அத்தை. செத்துப்போன அப்பாவுக்கு மூத்தவள். அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. இடது கையில் மூன்று விரல்தான். சிறு வயதில் பல்சக்கரம் வைத்துக்கொண்டது போக மீதி. தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பக்கம் அத்தை வைத்ததுதான் சட்டம். வீட்டில் அம்மா, அத்தை, வெட்டுக்கிளி என்று மூன்றே பேர்; மூன்று பேருக்கும் மில்லில்தான் வேலை. சோறு ஆறுகிற நேரத்தில் அத்தை இந்தக் கதையை எடுத்தால் வெட்டுக்கிளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறும்.

"நான் வேலைக்குப் போறப்ப சட்டமே கிடையாது. அதனால எனக்கு நெசமான வயசு இருந்துச்சு, ஆறு. அப்புறம் ஒன்பது வயசுக்குக் கீழ இருந்தா வேலை குடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வந்துச்சு. மறுநாள் காலைல நாங்க எல்லாம் ஒன்பது. ரெண்டு வருஷம் போச்சு. பன்னெண்டு ஆகணும்னு இன்னொரு சட்டம். ஒரே நாள்ல மூணு வயசு கூடிப்போச்சு. நான் உசந்திருக்கேனான்னு கதவு நிலையில நின்னு அளந்துகூடப் பாத்தேன். இப்ப பதினாலு. சட்டம் ஏற ஏற மில்லுப் புள்ளைங்களுக்கு வயசு ஏறிக்கிட்டே இருக்கு. நாளைக்கு அறுபதுன்னு சட்டம் போட்டாங்கன்னு வை, நம்ம குண்டூசி கைத்தடியோட வேலைக்கு வருவான்."

வயதை ஏற்றும் வேலை மில் டாக்டருடையது. வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் வாயைத் திற என்பார். திறப்பதற்குள்ளேயே பதினாலு என்று எழுதி, கீழே கையெழுத்தைக் கிறுக்கிவிடுவார். வெட்டுக்கிளி வாயைத் திறக்கவே இல்லை; அவர் நிமிர்ந்து பார்க்காததால் அது அவருக்குத் தெரியாது.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வருவது முதல் நாளே ஆபீசுக்குத் தெரிந்துவிடும். கேட்டில் காவல்காரன் இரண்டு தரம் மணி அடிப்பான். உடனே மேஸ்திரி பிள்ளைகளைக் கோழிக்குஞ்சுகளைப் போல ஓட்டிக்கொண்டு போய்க் கழிவுப் பஞ்சு அறையில் அடைப்பார். இன்ஸ்பெக்டர் ஆபீசில் டீ குடித்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போவார். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வேலை நாளில் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்தில் கிடைக்கிற ஒரே லீவு அந்த ஒரு மணி நேரம்தான். கூரை தொடும் பஞ்சுக் குவியல். ஏறிக் குதிக்கலாம், உள்ளே புகுந்து சுரங்கம் தோண்டலாம், ஒருத்தரை ஒருத்தர் புதைக்கலாம். இன்ஸ்பெக்டர் இன்னொரு டீ கேட்க வேண்டுமே என்று வெட்டுக்கிளி சாமியை வேண்டிக்கொள்வாள்.

அந்தப் பழைய இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, கண்ணாடி, சைக்கிள், சைக்கிள் பாரில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய கறுப்புக் குடை. முதல் நாள் சொல்லியனுப்பவும் இல்லை, முன்வாசல் வழியாக வரவும் இல்லை. பஞ்சு வண்டிகள் வரும் பின்கேட் வழியாக, வண்டிகளோடு வண்டியாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். காவல்காரன் பதறிப்போய் இரண்டு மணிக்குப் பதில் ஒன்பது மணி அடித்தான்.

மேஸ்திரி பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, திரும்பி மூச்சு விடுவதற்குள் குடைக்காரம்மா எதிரே நின்றார். இந்த அறையில் என்ன என்று கேட்டார். கழிவுப் பஞ்சு, தூசி, உங்களுக்கு ஆகாது என்றார் மேஸ்திரி. எனக்குத் தூசி பழக்கம்தான் என்று சொல்லிக் கதவைத் தள்ளினார் அவர்.

உள்ளே ஆள் அரவம் இல்லை. வெள்ளை வெளேரென்று மலை மாதிரி பஞ்சு. நடுவில், கழுத்துக்குமேலும் பஞ்சு மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுக்கிளி. ஒரு பஞ்சு இழை அவள் மூக்குக்குள் போய் உட்கார்ந்து மெல்ல நடக்க ஆரம்பித்தது. மூக்கைச் சுருக்கினாள். நாக்கைக் கடித்தாள். செத்துப்போன எலியை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பஞ்சு மலை தும்மியது.

மேஸ்திரியின் முகம் பஞ்சைவிட வெளுத்துப்போனது. குடைக்காரம்மா பதறவில்லை. யார் தும்மினாலும் சொல்கிற மாதிரி, மலையைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"நூறு."

வயதைப் பற்றி யார் எது கேட்டாலும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி பிள்ளைகளை உருப்போட வைத்திருந்தார். பஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் மரியாதையாகத் திருத்தியது.

"இல்லீங்க, பதினாலு."

முதலில் குண்டூசியிடமிருந்துதான் ஒரு கீச்சொலி வந்தது. அவன் வாயைப் பொத்தினான். மூக்கு வழியாக வந்தது. பக்கத்தில் புதைந்திருந்த மூன்று அக்காள் தங்கைகளுக்கும் அது தொற்றியது. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. மலை குலுங்கியது, சரிந்தது, அங்கங்கே வெடித்தது. நாற்பத்திரண்டு தலைகள் வெளியே வந்தன. தலை, புருவம், இமை எல்லாம் பஞ்சு அப்பி நரைத்துப்போய், நாற்பத்திரண்டு கிழங்கள் ஒன்றாகக் கூடிச் சிரிக்கிற மாதிரி இருந்தது. குடைக்காரம்மா சிரிப்பு தாங்காமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார், மறுபடி கழற்றினார். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

குடைக்காரம்மா ஒவ்வொருவராக வெளியே வரச் சொல்லி நோட்டில் எழுதினார். உன் வயசு? பதினாலு. உனக்கு? பதினாலு. குண்டூசி அவர் இடுப்புக்கு நின்றுகொண்டு பதினாலு என்றபோது, எப்போது ஆனது என்று கேட்டார். போன செவ்வாய்க்கிழமை என்றான் அவன். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. வெட்டுக்கிளியின் முறை வந்தது. அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் நடுவே நூல் அறுத்து அறுத்து விழுந்த கோடுகள். சில ஆறியவை, சில ஆறாதவை. அந்தக் கையை அவர் வெகுநேரம் விடவில்லை. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவும் இல்லை.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மில் தரப்பில் ஒரே பதில்தான்: எல்லாருக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறது, பெற்றவர்கள் கைநாட்டு இருக்கிறது, பதினாலுக்குக் கீழே எங்களிடம் யாருமே இல்லை. மேனேஜர் பிள்ளைகளின் அம்மாக்களை ஆபீசுக்குக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் பேசினார். கோர்ட்டில் பதினாலு என்று சொல்லுங்கள், பழையபடி எல்லாம் நடக்கும்; மாற்றிச் சொன்னால் பிள்ளைக்கும் வேலை இல்லை, உங்களுக்கும் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் வெட்டுக்கிளியை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். எத்தனை வயசு? பதினாலு. உரக்கச் சொல்லு. பதினாலு.

அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"பெத்த புள்ளைக்கு நீயே பொய் சொல்லிக் குடுக்கறியா?"

"எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? இவ வீட்டுல உக்காந்தா, நானும் வெளிய வந்துட்டா, அடுப்புல என்னத்த வைக்கறது? உங்க சங்கத்தையா?"

"எங்கம்மாவும் இதத்தான் சொன்னா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா என் ரெண்டு விரலு திரும்பி வரல."

அத்தை அன்று முதல் வேலை முடிந்ததும் தெருத்தெருவாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும், அந்த வேலைக்கும் பெரியவர்களையே எடுக்கச் சொல்லுவோம், நமக்குச் சோறு போடுகிற அளவு கூலி கேட்போம், கேட்டால் எல்லாரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும். சில வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. சொந்தத் தம்பி பெண்டாட்டியே தலையாட்டவில்லை என்று சிலர் குத்திக்காட்டினார்கள். அத்தை அதையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

வெட்டுக்கிளிக்கு அந்த வாரம் வேறொரு கவலை. ஓரப்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது. நாக்கால் தள்ளினால் முன்னே சாய்ந்தது, இழுத்தால் பின்னே சாய்ந்தது. மெஷின் மேல் தாவும்போதெல்லாம் அதுவும் ஒரு தாவு தாவியது.

விசாரணை நாளன்று கோர்ட் நிரம்பி வழிந்தது. மில் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையை வெட்டுக்கிளி பார்ப்பது அதுவே முதல் தடவை. அவளுக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. நீதிபதியின் கறுப்பு அங்கி, குமாஸ்தாவின் காதில் செருகிய பேனா, சுவரில் மாட்டிய பெரிய கடிகாரம். சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார்கள். ஏறினாள். சாட்சி எங்கே என்று நீதிபதி கேட்டார். இங்கதாங்க இருக்கேன் என்று கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. பதினாலு வயது சாட்சியின் உச்சி மயிர்கூட வெளியே தெரியவில்லை. ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதன்மேல் ஒரே தாவில் ஏறி நின்றாள்.

பின்பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பதினாலு. மில் ஆட்கள் அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். நீதிபதிக்கும் குடைக்காரம்மாவுக்கும் மட்டும் தெரியாது.

"உன் வயசு என்னம்மா?" என்று கேட்டார் நீதிபதி. வயதானவர், களைத்த முகம்.

"பதினாலுங்க ஐயா."

"போன வருஷம் எத்தனை?"

வெட்டுக்கிளி திகைத்தாள். போன வருஷத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்தவில்லை.

"அப்பவும் பதினாலுதாங்க."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷமும் மில்லுலதான இருப்பேன். பதினாலுதாங்க ஐயா. மில்லுல யாருக்கும் வயசு ஏறாதுங்க."

பின்பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதி மேஜையைத் தட்டினார், ஆனால் தட்டிய கை வாயை மறைத்துக்கொண்டது. மில் வக்கீல் எழுந்து, குழந்தை பயந்துபோய்ப் பேசுகிறது, டாக்டர் பல்லைச் சோதித்துத்தான் சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார் என்றார். அப்படியானால் இதே இடத்தில் இன்னொரு தடவை சோதிக்கட்டும் என்றார் குடைக்காரம்மா.

டாக்டர் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிள்ளையின் வாயை நிஜமாகவே திறந்து பார்த்தார். விரலை விட்டு ஓரப் பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினார். வெட்டுக்கிளிக்குக் கூச்சம் தாங்கவில்லை. டபக்கென்று வாயை மூடினாள். டாக்டர் ஆ என்று கையை உருவினார். உருவிய விரலிடுக்கில், அரிசி மாதிரி பளிச்சென்று, ஒரு பால்பல்.

கோர்ட் முழுக்க எட்டிப் பார்த்தது.

"அது என்ன டாக்டர்?" என்று கேட்டார் நீதிபதி.

"பல்லுங்க."

"பால்பல்லா?"

"சில பேருக்குக் கொஞ்சம் தாமதமா விழும்," என்று சொன்னார் டாக்டர். அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது. அவ்வளவு சிரிப்பு. குண்டூசி பெஞ்சிலிருந்தே உருண்டு கீழே விழுந்தான். குமாஸ்தா அந்தப் பல்லை ஒரு காகிதத்தில் மடித்துச் சான்றுப் பொருள் என்று எழுதி நம்பர் போட்டார். அது என்னுதுங்க என்று வெட்டுக்கிளி கை நீட்டினாள். கொடுக்க முடியாது, இப்போது அது சர்க்காருடையது என்று சொல்லிவிட்டார்.

ஒரு பல்லை வைத்து நாற்பத்திரண்டு பேரின் வயதை முடிவு செய்ய முடியாது என்று வக்கீல் விடாப்பிடியாக நின்றார். பெற்ற தாயே கைநாட்டு வைத்திருக்கிறாள், அவளையே கேளுங்கள். அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா கூண்டில் ஏறினாள். வெட்டுக்கிளி முக்காலியிலிருந்து இறங்கிக் கூண்டுக்குள்ளேயே நின்றிருந்தாள். உதட்டோரம் கொஞ்சம் ரத்தம், முகம் முழுக்கச் சிரிப்பு. அம்மா முந்தானையால் மகள் வாயைத் துடைக்கக் குனிந்தாள். துடைத்து நிமிர்ந்தபோது வக்கீல் கேட்டார்: "இது நீங்க வெச்ச கைநாட்டுதானே? பதினாலுதானே?"

அம்மா கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் முன்வரிசையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைநாட்டு நான் வெச்சதுதாங்க. புள்ளையும் நான் பெத்ததுதான். இவளுக்கு இதுவரைக்கும் எட்டுப் பல்லு விழுந்திருக்கு. ஒவ்வொண்ணும் என்னைக்கு விழுந்துச்சு, எங்க விழுந்துச்சுன்னு என்னால சொல்ல முடியும். அஞ்சாவது பல்லு மெஷினுக்கு அடியில விழுந்துச்சு, தேடக்கூட நேரம் குடுக்கல. இது ஒன்பதாவது. அவளுக்கும் ஒன்பதுதாங்க ஐயா."

அடுத்து நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. அத்தையே போடவில்லை. பின்பெஞ்சில் அந்த மூன்று பெண்களின் அம்மா எழுந்தாள். என் புள்ளைங்களுக்குப் பதிமூணு, ஒன்பது, ஏழு என்றாள். இன்னொருத்தி எழுந்தாள், பதினொண்ணு. ஒரு அப்பா எழுந்து, ஒன்பது, ஏழரை என்றார். குண்டூசியின் அம்மா பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள், என் மகனுக்கு ஏழு, அதுவும் வர்ற மாசம்தான் முடியுது. ஏலம் போடுகிற இடம் மாதிரி ஆகிவிட்டது. ஒரே வித்தியாசம், இங்கே கேட்கக் கேட்க எண் இறங்கியது. பத்து, இரட்டைப் பிள்ளைகள், ரெண்டுக்கும் ஒன்பது, எட்டு, ஆறே முக்கால். குமாஸ்தா காதில் இருந்த பேனாவையும் எடுத்து இரண்டு கையாலும் எழுதாத குறை. ஒவ்வொரு வயதைச் சொல்லும்போதும் சொந்தக்காரப் பிள்ளை துள்ளிக் குதித்தது. ஒரு பொழுதுக்குள் ஐந்தாறு வயது குறைந்துபோனால் யாருக்குத்தான் துள்ளத் தோன்றாது? நீதிபதி மேஜையைத் தட்டிப் பார்த்தார், மறுபடி தட்டினார், பிறகு தட்டுவதை விட்டுவிட்டார்.

எல்லாரும் சொல்லி முடித்த பிறகு அத்தை எழுந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள் எதற்கு எழுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு அம்பத்தொண்ணுங்க ஐயா. ஆறுல சேந்தேன். என்னையும் எழுதிக்குங்க."

குமாஸ்தா நீதிபதியைப் பார்த்தார். எழுது என்றார் நீதிபதி.

தீர்ப்பு பிற்பகலே வந்துவிட்டது. சர்ட்டிபிகேட்டுகள் எல்லாம் ரத்து, டாக்டர் இனிமேல் யாருக்கும் வயது எழுதக்கூடாது, மில்லுக்கு அபராதம், திங்கட்கிழமை முதல் பிள்ளைகள் மில் வாசலை மிதிக்கக்கூடாது.

மேனேஜர் சொன்னபடியே செய்தார். திங்கட்கிழமை அம்மாக்களுக்கும் கேட் திறக்கவில்லை. அத்தை அவர்களைக் கேட்டுக்கு முன்னால் வரிசையாக உட்காரவைத்தாள். முதல் வரிசையில் அம்மா. நூல் சுற்றும் பிரிவுப் பெண்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளே பாபின் மாற்ற ஆபீஸ் குமாஸ்தாக்களை இறக்கினார்கள். மேஸ்திரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெட்டுக்கிளி நின்ற இடத்தில் அவர் நின்று ஒரு பாபினைப் பிடுங்குவதற்குள் பக்கத்தில் ஆறு நூல் அறுந்தது. அறுந்த நூலை ஒட்டக் குனிந்தால் மீசை மாட்டியது. மூன்றாம் நாள் நூற்கும் மெஷின்கள் எல்லாம் குருவிக்கூடு மாதிரி சிக்கிக் கிடந்தன. நான்காம் நாள் காலை கேட் திறந்தது. அம்மாக்கள் பாபின் மாற்றும் வேலைக்கும் சேர்த்து உள்ளே போனார்கள். கேட்ட கூலியில் பாதி கிடைத்தது. மீதிக்காக அத்தை இன்னும் இரண்டு வருடம் சண்டை போட்டாள். பக்கத்து ஊர் மில்களில் பதினாலு இன்னும் பதினாலாகவே இருந்தது; அங்கேயும் அவள்தான் போனாள், குடைக்காரம்மாவின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அந்த வருடங்களில் வெட்டுக்கிளி வீட்டில் பல நாள் சாப்பாடு சுருங்கித்தான் போனது. அம்மா அதைப் பற்றிப் புலம்பியது உண்டு. ஒன்பது என்று சொன்னதைப் பற்றி ஒரு நாளும் புலம்பியதில்லை.

ஆனால் கேட் திறந்த அந்த நாளைச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பத்திரண்டு பேருக்குப் பெஞ்சு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சங்கு ஊதியதும் பழக்கத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எழுந்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. தெருவில் வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டில் அம்மாக்களோடு உட்கார்ந்திருந்த மூன்று நாளும் வேறு. இன்று காவலுக்குக்கூட ஆள் இல்லை. வெயில் ஏறியது. பெரியவர்கள் யாரும் இல்லாத காலை பத்து மணி எப்படி இருக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. நிழல் இவ்வளவு குட்டையாக இருப்பதை நின்று பார்த்ததும் இல்லை. வெட்டுக்கிளி தன் நிழலைத் தாண்டப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தாவு தாவினாள். குண்டூசி அவள் நிழலை மிதித்தான். அவ்வளவுதான்.

ரயில் பாதைக்குப் பின்னால் புல் முளைத்த ஒரு மேடு இருந்தது. ஓடி ஏறினார்கள், உருண்டு இறங்கினார்கள். அடியில் சேறும் தண்ணீருமாக ஒரு பள்ளம். முதலில் தவறி விழுந்தார்கள், பிறகு வேண்டுமென்றே விழுந்தார்கள். இங்கே மெஷின் சத்தம் இல்லை. உதட்டை அசைத்துப் பேச அவசியமில்லை என்று மூன்று பெண்களில் கடைசிக்காரி திடீரென்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததைக் கத்திச் சொன்னாள். உடனே நாற்பத்திரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அவரவர் பெயரை, அடுத்தவர் பெயரை, மேஸ்திரியின் மீசையை என்று வாயில் வந்ததைக் கத்தினார்கள். தொண்டை கட்டும்வரை கத்தினார்கள்.

மாலையில் அம்மா திரும்பி வந்தபோது வெட்டுக்கிளி வாசலில் நின்றாள். பாவாடை இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்திருந்தது. ஒரு காதில் சேறு. தலையில் பாதிப் புல். பேசினால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

அம்மா பையைக் கீழே வைத்தாள்.

"அடியே, இருக்கறதே ஒரு பாவாடை. அதையும் கிழிச்சுட்டு வந்து நிக்கறியே, உன்னைப் பொண்ணுன்னு பெத்தேனா கொரங்குன்னு பெத்தேனா? காதப் பாரு. எந்தச் சாக்கடையில போய்ப் பொரண்ட? நாளைக்கு வாசப்படி தாண்டினியோ, கால ஒடிச்சு அடுப்புல வெச்சுடுவேன்."

இத்தனை நாளும் மகள் இருமினாளா, கை எரிகிறதா, தூங்கி விழுந்தாளா என்றுதான் அம்மா கேட்டிருக்கிறாள். விளையாடியதற்காக அவளைத் திட்டுவது இதுதான் முதல் தடவை. திட்டத் திட்ட அவள் குரல் ஏறிக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டில் குண்டூசியின் அம்மா ஆரம்பித்தாள், ஒரு செருப்பு எங்கேடா. எதிர்வீட்டில் மூன்று பெண்களுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் விழுந்தது. மேலே, கீழே, தெருக்கோடி வரை வீட்டுக்கு வீடு அம்மாக்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதே இல்லை. அத்தை படியில் உட்கார்ந்து, மூன்று விரல் கையை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பி, உங்களாலதான் அண்ணி இவ இப்படிக் கெட்டுப்போனா என்று அவளையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.